அம்மா சாடை

ஃப்ளெக்ஸ் வந்த அன்று பார்த்துக் காற்று கிளம்பிவிட்டது. வைகாசி முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் எந்தக் காலண்டரைப் பார்த்தது? வெள்ளிங்கிரி மலை மேல் மேகம் கவிந்து, தென்னை மட்டைகளெல்லாம் கிழக்கே சாய்ந்து இரைந்தன. ஸ்டுடியோக்கார நஞ்சுண்டன், தார்ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் முக்கில் சவுக்குக் கம்பங்களை நட்டு அதைக் கட்டி முடிப்பதற்குள் படாத பாடு பட்டுவிட்டான்.

கட்டி முடித்ததும் பார்க்கப் பெரிதாகத்தான் இருந்தது. மயில் ஒன்று, அருவி ஒன்று, எந்த ஊர் என்று தெரியாத ஒரு அரண்மனை. மேலே 'பூப்பு நன்னீராட்டு விழா' என்று பொன்னெழுத்து. கீழே சீர் கொண்டுவரும் தாய்மாமன் கிருபாசங்கர் குடும்பத்தோடு கும்பிட்டபடி நின்றான். நடுவில், அருவிக்கும் மயிலுக்கும் இடையில், கனிஷ்காவின் முகம்.

மோகனப்பிரியா புடலைப் பந்தலுக்குள்ளிருந்து இடுப்புச் செருகலோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். மூக்கும் வாயும் மகளுடையதுதான். இடது புருவத்துக்கு மேல் சின்ன வயதில் விழுந்து வாங்கிய தழும்பைக் காணவில்லை. நிறம் மட்டும் அப்போதுதான் கறந்த பால்.

"நல்லா வந்திருக்குதுங்களாக்கா?" என்றான் நஞ்சுண்டன்.

"நெம்ப நல்லா வந்திருக்குது தம்பி. இன்னுங் கொஞ்சம் கலர் ஏத்தியிருக்கலாமோ என்னமோ."

"நீங்க திருப்பித் திருப்பி அனுப்பி ஏத்தச் சொன்னதுக்கு இதுதானுங்க கடைசி. இதுக்கு மேல ஏத்துனா மூக்கு காணாமப் போயிருமுங்க."

மொபெட்டில் காய்க்கட்டு ஏற்றிக்கொண்டு வந்த அவள் கணவன் மனோஜ்குமார் காலை ஊன்றி நின்றான். ஃப்ளெக்ஸைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"இது யாரூட்டுப் புள்ளைங்க தம்பி? நல்லாத்தான் இருக்குது. எந்த ஊருங்க?"

"போங்க அக்கட்டால. எப்பப் பாத்தாலும் கேலி," என்று மோகனா அவனைத் துரத்தினாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. போகிற வருகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள். சரவணம்பட்டியிலிருந்து காரில் வரும் தம்பி குடும்பம் பார்க்கும். நாளை மறுநாள் மண்டபத்துக்கு வரும் ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் இந்த முக்கில் திரும்பித்தான் தோட்டத்து வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

அவளைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மகள் என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான் வந்தது வினை.

மோகனா கருப்பு. அவள் தம்பி சிவப்பு. கருப்பாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளை முதன்முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் அவள் தட்டிய ஒப்புட்டை நெய் ஊற்றி நன்றாகத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்குக் கீழ தங்கச்சி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டவள் அவள். அப்புறம் மனோஜ்குமார் வந்தான், கட்டிக்கொண்டான், தங்கமாக வைத்துக்கொண்டான். ஆனாலும் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் முழுதாக வெளியே வந்துவிடவில்லை. கனிஷ்கா பிறந்தபோது வலி அடங்குவதற்குள் நர்ஸம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "நெறம் எப்படிங்க?" என்பதுதான்.

பிள்ளை அம்மாவையே உரித்துக்கொண்டு பிறந்திருந்தது.

வயதுக்கு வந்தபோது கனிஷ்கா பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தய அணியில் இருந்தாள். காலையும் மாலையும் மைதானம். நெற்றியும் கன்னமும் வெயிலில் காய்ந்து மினுமினுத்துக்கொண்டிருந்தன. தெரட்டிச் சீரைத் தையிலேயே வைத்துவிடலாம் என்று கிருபாசங்கர் சொன்னான். தென்னைமரத்துக்கு நோவு, யானை இறங்கிப் பந்தல் கல்லுக்காலைச் சாய்த்துவிட்டது, வேலை கிடக்கிறது என்று ஏதேதோ சொல்லி மோகனா அதை வைகாசிக்குத் தள்ளினாள். உண்மையான காரணம் அவளுக்கும் கண்ணாடிக்கும் மட்டுந்தான் தெரியும். பிள்ளை கொஞ்சம் நிறம் தேறட்டும்.

அன்றிலிருந்து ஓட்டம் நின்றது. தோட்டத்துக்கு வருவது நின்றது. கடலை மாவு, தயிர், கஸ்தூரி மஞ்சள், மெடிக்கலில் வாங்கிய டியூப். முன்பெல்லாம் பள்ளி விட்டு வந்ததும் பந்தலுக்குள் புகுந்து, வளைந்து வளரும் புடலைப் பிஞ்சுகளின் நுனியில் நூலைச் சுற்றிக் கல் கட்டுவது கனிஷ்காவின் வேலையாக இருந்தது. கல் கட்டினால்தான் காய் நேராக நீளும். வளைந்த காயை மண்டிக்காரன் தூக்கித் தனியே எறிவான். அவள் குனியாமலே பந்தலுக்கடியில் போய் வருவாள்.

"பந்தலுக்குள்ள என்னுங்க அம்மணி வெயிலு? புள்ளையை அனுப்புங்க. எனக்கு இடுப்பு ஒடியுது," என்று காய் பறிக்க வரும் நாச்சியம்மாள் கேட்டுப் பார்த்தாள்.

"அனல் அடிக்குதுல்லங்க நாச்சியக்கா."

"அதுஞ் செரிதான். எங்கக்கா பேத்தி கடலை மாவைப் போட்டே ஏலக்கி வாழப்பழமாட்ட ஆயிப்போச்சு. நாளைக்கி எங்கூட்டுல அரைச்சுக் கொண்டாரனுங்க," என்று நாச்சியம்மாளும் கட்சி மாறிவிட்டாள். சொன்னபடி கொண்டுவந்தும் கொடுத்தாள். அப்புறம் தீரத் தீர மோகனாவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வேன் முக்கில் நின்றது. மோகனா பந்தல் ஓரமாக வந்து நின்றுகொண்டாள். மகள் ஃப்ளெக்ஸைப் பார்க்கும் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கனிஷ்கா இறங்கினாள். எப்போதும்போல மாஸ்க் போட்டிருந்தாள். கொரோனா போய் வருசக்கணக்காகியும் அந்தப் பிள்ளை அதை விடவில்லை. வேனில் தூசி, சளி பிடிக்கும் என்பாள். முகத்தில் வெயில் படாமல் இருந்தால் சரி என்று மோகனாவும் துவைத்துத் துவைத்துக் கொடுத்துவந்தாள். வேன் போன பிறகும் கனிஷ்கா அங்கேயே நின்றாள். காற்று ஃப்ளெக்ஸைப் பின்னால் தள்ளியது, முன்னால் இழுத்தது. அந்தப் பெரிய முகம் உப்பி உப்பி வாடியது. பிறகு அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டில் அரிசியும்பருப்பும் சூடாக இருந்தது. மோகனா தட்டில் போட்டு நெய் விட்டுக் கொடுத்தாள். கனிஷ்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு உண்டாள்.

"பாத்தியா கண்ணு?"

"பாத்தனுங்கம்மா."

"எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க."

"உன்ற மாமன் நெம்பச் செலவு பண்ணிப்போட்டான். வந்தா நல்லாருக்குதுன்னு சொல்லோணும்."

"செரிங்கம்மா."

ரெண்டு வாய் உண்டுவிட்டு, "அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள்.

"கேளு சாமி."

"சீருக்கு என்னைய உக்கார வெக்காம தேஜூவை உக்கார வெச்சுக்கலாங்களா?"

தேஜஸ்ரீ, கிருபாசங்கரின் மகள். அம்மா மௌனிகாவின் நிறம்.

"அவளை எதுக்குடி உக்கார வெக்கறது? அவ இன்னும் பெரிய மனுசி ஆகவே இல்லியே."

"இல்லீங்கம்மா. அவதான் அந்த போட்டோல இருக்கற மாதிரி இருப்பா. வாரவிய மொதல்ல முக்குல அதைப் பாப்பாங்க. அப்பறம் இங்க வந்து என்னையப் பாப்பாங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் மோகனா பதிலுக்குக் கத்தியிருப்பாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். கனிஷ்கா இரண்டும் செய்யவில்லை. எந்தப் பாவாடையைக் கட்டிக்கொள்வது என்று கேட்கும் குரலில் கேட்டாள். பதில் தெரியும்வரை தட்டிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தாள்.

"பைத்தியமாட்டப் பேசாம சோத்தை உங்கு," என்று சொல்லிவிட்டு மோகனா அடுக்களைக்குள் போய் நின்றாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. மகள் ஏன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து உண்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை நாளாக இப்படி? அவள் பாட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாளே.

பொழுது இறங்கியதும் மனோஜ்குமார் வந்தான். அவனிடம் சொன்னாள். அவன் கைகால் கழுவியது கழுவியபடி நின்றான்.

"அப்படியா கேட்டா?"

"அப்படித்தானுங்க கேட்டா."

"நானும் அவளைக் கருப்பட்டி, கருப்பட்டின்னு கூப்புட்டுப்போட்டேன். செல்லமாத்தான் கூப்புட்டேன்." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தான். "இப்ப என்னாக்கறது?"

"வேற போட்டோ போட்டு வேற ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லலாங்க. அவ இருக்கற மாதிரியே."

சொன்னது சுலபமாக இருந்தது. மோகனா போனை எடுத்துப் படம் தேடினாள். பொங்கலுக்கு எடுத்தது இருந்தது. தம்பி வீட்டுப் புதுக்காருக்குப் பூசை போட்டபோது எடுத்தது இருந்தது. மருதமலைப் படியில் எடுத்தது இருந்தது. எல்லாவற்றிலும் கனிஷ்கா வெள்ளையாக இருந்தாள். அந்தப் போனை வாங்கியபோது, முகத்தைத் தானாகவே பளிச்சென்று ஆக்கும் கேமரா என்று கடைக்காரப் பையன் சொல்லித்தான் அவள் அதை வாங்கினாள். தழும்பு இல்லாமல், பரு இல்லாமல், ஒரே மாவாக ஒரு முகம். தள்ளத் தள்ள அந்த முகமே வந்தது. பெற்ற பிள்ளையின் முகம் இருந்தபடி இருக்கும் ஒரு படம்கூட அவளிடம் இல்லை.

ஒன்றே ஒன்று இருந்தது. வகுப்பு வாட்ஸப்பில் டீச்சர் அனுப்பிய குரூப் போட்டோ. எல்லாப் பிள்ளைகளும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்க, கடைசி வரிசை ஓரத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை மட்டும் நின்றது. கண்ணை வைத்துத்தான் கனிஷ்கா என்று தெரிந்தது. இந்தப் படம் வந்த அன்றே மோகனா இதைப் பார்த்திருக்கிறாள். நல்லவேளை, வெயிலில் நிற்க வைத்தும் மாஸ்க்கைக் கழற்றவில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று சந்தோசப்பட்டிருக்கிறாள். அந்தச் சந்தோசம் இப்போது அவள் நினைவுக்கு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலையில் சாரல் விட்டிருந்தது. சந்தகை பிழிந்து வைத்துவிட்டு, "வா கண்ணு, பந்தலுக்குப் போயிட்டு வரலாம்," என்று மகளைக் கூப்பிட்டாள்.

கனிஷ்கா வாசலில் இறங்காமல் நின்றாள். "வெயில் வந்துருமுங்கம்மா."

"வந்தா வரட்டும்."

பந்தலுக்கடியில் பச்சை இருட்டு. தலைக்கு மேல் வெள்ளைப்பூ, பூவுக்குக் கீழே நீளநீளமாகக் காய்கள். நாச்சியம்மாள் அந்தக் கோடியில் கத்தியோடு பறித்துக்கொண்டிருந்தாள். கனிஷ்கா நூலை எடுத்தாள், பிஞ்சின் நுனியைப் பிடித்தாள், சுற்றி முடிச்சுப் போட்டு ஒரு சில்லுக் கல்லைத் தொங்கவிட்டாள். இத்தனை மாதத்தில் கை மறக்கவில்லை. ஆனால் முன்போல நிமிர்ந்து நடக்க முடியவில்லை. வளர்ந்துவிட்டிருந்தாள்.

"கண்ணு, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? நஞ்சுண்டனைக் கூட்டிட்டு வாரேன். இருக்கற மாதிரியே எடுத்து, அதையே பெருசாப் போட்டுக் கட்டீரலாம்."

"வேண்டாங்கம்மா."

"ஏஞ் சாமி?"

"எனக்கே நல்லாருக்காதுங்க."

"யாரு சொன்னா நல்லாருக்காதுன்னு? பள்ளிக்கோடத்துல எவளாச்சும் சொன்னாளா? சொல்லு, நான் வந்து கேக்கறேன்."

"ஒருத்தருஞ் சொல்லலீங்க."

"பின்ன?"

கனிஷ்கா அடுத்த பிஞ்சுக்குப் போனாள். கல் சரியாகத் தொங்குகிறதா என்று விரலால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"நீங்க கண்ணாடி முன்னால நின்னா என்னுங்கம்மா சொல்லுவீங்க?"

"நானென்ன சொல்றேன்? தலைசீவிப் பொட்டு வெச்சுட்டு வாரேன்."

"இல்லீங்க. 'சீ, இந்த மூஞ்சிக்கு எதைப் போட்டு என்ன ஆகுது'ம்பீங்க. எங்க கெளம்பினாலும் சொல்லுவீங்க. பவுடர் போட்டுட்டுச் சொல்லுவீங்க, அழிச்சுப் போட்டு மறுக்காப் போடுவீங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப இருந்து கேக்கறனுங்களே." அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. "அப்பறம் ஒறம்பரைல யாரு வந்தாலும் என்னையப் பாத்து, புள்ளை அப்படியே அம்மா சாடைம்பாங்க."

மோகனா கையிலிருந்த நூலைக் கண்டில் திரும்பச் சுற்றத் தொடங்கினாள்.

"அவ்வளவுதானுங்கம்மா," என்றாள் கனிஷ்கா. "வேற ஒண்ணுமில்லீங்க."

இந்த நேரம் பார்த்து நாச்சியம்மாள் காய்க்கட்டோடு வந்து சேர்ந்தாள். "ஏஞ் சின்னம்மணி, வந்துட்டீங்களா? மாவு நேத்துப் போட்டீங்களா? இன்னிக்கி ராத்திரியும் போடுங்க, நாளைக்கிச் சீருக்குப் பளபளன்னு நிக்கலாம்."

"உங்களை யாரு இப்பக் கேட்டாங்க?" என்று மோகனா சீறினாள். "மாவும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். இன்னொருக்கா அதைக் கொண்டாந்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

நாச்சியம்மாள் காய்க்கட்டை இறக்கினாள். "நீங்க கேட்டுத்தானுங்க அம்மணி நான் அரைச்சுக் கொண்டாந்தது," என்றாள் மெதுவாக. அது உண்மை. யாரையாவது திட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று மோகனா பார்த்தாள், அது திரும்பி வந்து அவள் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அவள் காய் அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு முக்குக்கு நடந்தாள். மனோஜ்குமார் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன், மனைவி கத்தியும் கையுமாக ரோட்டுக்குப் போவதைப் பார்த்து மம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அதற்குள் அவள் ஒரு பக்கக் கயிற்றை அறுத்துவிட்டாள். காற்று உள்ளே புகுந்து ஃப்ளெக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஏ அம்மணி! நாளைக்கிச் சீரை வெச்சுட்டு என்ன வேலை பண்ற? கிருபா வந்தா என்ன சொல்லுவான்? ஊருல என்ன நெனைப்பாங்க?"

"என்ன வேணாலும் நெனைக்கட்டுங்க. அந்தப் பக்கம் புடிங்க."

"அவன் மாமன் மொறைக்குக் கட்டுனது. இதைக் கழட்டுனா அவனைச் செருப்புல அடிச்ச மாதிரி."

"ஏனுங்க, புடிங்க," என்றாள். இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது. அவன் பிடித்தான்.

கீழே விரித்து மடிக்கும்போது அவன் கால் மகளின் முகத்தின் மேல் பட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டான். பிறகு, இது யார் முகம் என்று யோசிக்கிறவனைப்போலச் சற்று நின்றான்.

நாச்சியம்மாள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள். "ஆட்டுக் கொட்டாய்க்கு மேல போட நல்லாருக்குமுங்க. வேண்டாம்னா எனக்குக் குடுங்களேன்," என்று கேட்டாள். அந்தப் பால்முகம் ஆட்டுக் கொட்டாய் மேல் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடப்பதை நினைத்ததும் மோகனாவுக்கு ஆகவில்லை. முகம் உள்ளே போகிற மாதிரி மடித்துச் சாமான் ரூமில் போட்டாள்.

சீர் அன்று கிருபாசங்கர் மண்டபத்துக்கு வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். முக்கில் வெறும் சவுக்குக் கம்பங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"அக்கா, காத்துல பிச்சுட்டுப் போயிருச்சுங்களா?"

'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. காற்றும் மறுக்கப்போவதில்லை. மோகனாவின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"இல்லை கிருபா. நாந்தான் அறுத்துப்போட்டேன்."

"ஏனுங்க்கா? நான் என்ன கொறை வெச்சேன்?"

"நீ ஒரு கொறையும் வெக்கலை. அதுல இருந்தது என்ற புள்ளை இல்லை. நாந்தான் நஞ்சுண்டன்கிட்டச் சொல்லி அப்படிப் பண்ண வெச்சேன். புள்ளை அதைப் பாத்துட்டு உன்ற புள்ளையை உக்கார வெச்சுக்கலாமான்னு கேட்டுது கிருபா."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் ஜரிகைப் பாவாடையில் நின்ற தேஜஸ்ரீயைப் பார்த்தான். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கோபம் தீர்ந்த மாதிரித் தெரியவில்லை.

மணப்பெண் அறையில் பியூட்டிசியன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கனிஷ்காவின் கன்னத்தில் ஒரு பக்கம் வெள்ளையாகத் தீற்றியிருந்தாள். மோகனா போய், "இதெல்லாம் வேண்டாங்க. பொட்டும் பூவும் போதும். புள்ளை இருக்கற மாதிரியே இருக்கட்டும்," என்றாள். வரும் வழியெல்லாம் இதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சொன்னதும் மகள் முகம் மலரும் என்று நம்பிக்கொண்டும் வந்தாள்.

"போடச் சொல்லுங்கம்மா," என்றாள் கனிஷ்கா.

"ஏங் கண்ணு? அதான் ஃப்ளெக்ஸையே கழட்டியாச்சே."

"ஃப்ளெக்ஸைத்தானுங்கம்மா கழட்டுனீங்க." குரலில் எரிச்சல் இல்லை, கெஞ்சல் இருந்தது. "இத்தனை பேரு வந்திருக்காங்க. போடச் சொல்லுங்கம்மா. ப்ளீஸ்."

பியூட்டிசியன் பிரஷ்ஷைப் பிடித்தபடி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மோகனா நகர்ந்துகொண்டாள். அவள்தானே இத்தனை வருசமாகச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். ஒரே ராத்திரியில் அதை மறந்துவிடு என்று இவளுக்கு வசதிப்பட்டபோது சொன்னால் பிள்ளை எப்படி மறக்கும்?

மண்டபத்துக்குப் பின்னால், பந்தி நடக்கும் இடத்தை ஒட்டிக் கை கழுவும் குழாய்கள் இருந்தன. கொள்ளு ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. மோகனா அங்கே போய்க் குழாயைத் திறந்தாள். காலையில் அவளும் கன்னத்தில் போட்டிருந்தாள், கழுத்தில் போட்டிருந்தாள். பவுடர் இல்லாமல் அவள் வீட்டு வாசலைத் தாண்டியதே கிடையாது. மடியில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கத் தேய்த்துக் கழுவினாள். பட்டுச்சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பயமாக இருந்தது. சேலை கட்டாமல் நடுரோட்டில் நிற்கிற பயம். அப்படியே மேடைக்கு நடந்தாள்.

"ஏனுங்க மோகனா, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? மூஞ்சி வாடிக் கெடக்குது," என்று ஒரு பெரியம்மா வழிமறித்தாள்.

"நல்லாத்தான் இருக்கறனுங்க பெரீம்மா. என்ற மூஞ்சியே இதுதானுங்க."

மனோஜ்குமார் மேடை ஓரத்தில் நின்றிருந்தான். மனைவியைப் பார்த்து எதையோ சொல்லிக் கேலி பண்ணப்போகிறவன்போல வாயைத் திறந்தவன், பிறகு அவள் நிற்க இடம் விட்டு விலகினான்.

மாமன் மாலை போட்டான். மாலை போடும்போது கனிஷ்காவின் தலையில் ஒரு நிமிசம் கையை வைத்து எடுத்தான். பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் தொட்டு வைத்துத் தட்டுச் சுற்றினார்கள். கனிஷ்காவின் முகம் வெளுப்பாக இருந்தது. மடியில் கோத்து வைத்திருந்த கைகள் மட்டும் அவள் நிறத்தில் இருந்தன. அவள் ஒறம்பரையைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். மோகனா குனிந்தாள். "மூஞ்சி கழுவிட்டீங்களா?"

"ஆமா கண்ணு."

"போயிக் கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வாங்கம்மா. எல்லாரும் உங்களையே பாக்கறாங்க."

அது மோகனாவின் குரல். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை கோயில் படியில் இந்தப் பிள்ளையின் காதில் இவள் இதையே குசுகுசுத்திருப்பாள்! கண் கலங்கிவிடும் போலிருந்தது. கலங்கினால் பிள்ளை இன்னும் பயந்துபோவாள்.

"பாக்கட்டும் சாமி," என்றாள். "நான் இப்படியேதான் நிக்கப் போறேன்."

"போட்டோ எடுக்கப் போறாங்கம்மா."

"எடுக்கட்டும். எனக்கு உன்ற சாடை. எனக்கென்ன கொறை?"

கனிஷ்கா அம்மாவின் கன்னத்தை, மூக்கை, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை, புதிதாகப் பார்ப்பவளைப்போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

நஞ்சுண்டன் குடும்பப் படத்துக்கு எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னான். தம்பி மனைவி மௌனிகா அவசரமாகக் கைப்பையைத் திறந்துகொண்டு மோகனாவிடம் வந்தாள். நல்ல மனசுக்காரி, உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

"நங்கையா, வேர்வைல எல்லாம் அழிஞ்சுபோச்சுங்களாட்ட இருக்குது. சித்தே நில்லுங்க, லேசா ஒரு டச்சப் பண்ணி உடறேன்."

பவுடர்ப் பஞ்சு மோகனாவின் கன்னத்துக்கு வந்துவிட்டது. அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த கனிஷ்கா எட்டி மௌனிகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்கத்தை. அம்மாவுக்கு வேண்டாம். அம்மா இப்படியே இருக்கட்டுங்க."

மௌனிகா சிரித்துவிட்டாள். "பாரு, அம்மாளுக்குச் சப்போர்ட்டை! செரி கண்ணு, உனக்காச்சும் போடட்டுமா? நெத்தியில கொஞ்சம் கரைஞ்சிருக்குது."

இடது புருவத்துக்கு மேல் வேர்வையில் பூச்சு கரைந்து, பழைய தழும்பு தெரிந்தது. மோகனா மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லு சாமி, உனக்கும் வேண்டாம் என்று சொல்லு.

கனிஷ்கா யோசித்தாள். ஒரு தடவை அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மௌனிகாவின் பக்கமாக முகத்தை நீட்டினாள்.

"எனக்குக் கொஞ்சமாப் போடுங்க அத்தை," என்றாள். "கொஞ்சமாப் போட்டாப் போதும்."